பருத்தியும் அடிமைத் தளையும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலையில் பொருநையாற்றைக் கடந்ததும், வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சிறிது தொலைவு நம்முடன் வரும். பின்னர் நிலம் வெளுத்து, உப்பளங்கள் தோன்றும். அங்கே, வேதிப்பொருள் தொழிற்சாலை ஒன்றைச் சூழ்ந்து எழுந்த ஊரே சாகுபுரம். ஊர் புதியது, அது நிற்கும் கரையோ மிகப் பழையது. அண்மையிலேயே கொற்கை உண்டு. புன்னைக்காயலும் காயல்பட்டினமும் உண்டு. முத்தால் உலகப் புகழ் பெற்ற கரை இது.

அம்முத்தை எடுத்தவர் யார்? கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடற்பயணக் குறிப்பு நூல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. அதனைப் பெரிப்புளூசு என்பர். பாண்டிய வேந்தனுக்குரிய கொற்கைக் கடலில் முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்நூலாசிரியர் குறித்துள்ளார். பிற்காலத்தில் கடலையே வாழ்வாகக் கொண்ட பரதவர் தம் தொழிலாகவே முத்துக் குளித்தனர். எனினும், இக்கரையைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றிலேயே கட்டாய உழைப்பைப் பற்றிய சொல் வருகிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

முத்தும் சங்கும் துணியும் ஏறிய இக்கரையில் மனிதரும் சரக்காக ஏற்றப்பட்டனர். 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுக்கு இலங்கையிலும் சாவகத்திலும் கோட்டை கட்டவும், வயலில் உழைக்கவும், சுமை தூக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். 1673-ஆம் ஆண்டு தொடங்கி மதுரை நாட்டில் மழை பொய்த்தது. அதன்மேல் தஞ்சையைக் குறித்து எழுந்த போர்களும் வரிச்சுமையும் சேர்ந்தன. உண்ண வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்டோர் பலர். அந்த 1673-க்கும் 1677-க்கும் இடையில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது. துணிப் பொதிகளை எண்ணுவது போலவே அவர்களையும் எண்ணிக் கணக்கு வைத்ததனால்தான் இந்த எண் நமக்குக் கிடைக்கிறது. அவர்களுடைய பெயர்கள் கிடைக்கவில்லை.

அடிமை முறையை அயல் நாட்டார் கொண்டுவந்தனர் என்று கூறி நாம் தப்பிக்க இயலாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஆட்கள் விற்கப்பட்ட செய்திகள் உள்ளன. அவ்வாறு விற்கும்போது எழுதிக்கொடுத்த ஓலைக்கு ‘ஆள்விலைப் பிரமாணம்’ என்று பெயரும் இருந்தது. பெயர் வைத்து வழங்கும் அளவுக்கு அச்செயல் இயல்பாகிவிட்டிருந்தது போலும்! பிற்காலத்தில் நன்செய் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒடுக்கப்பட்ட குடியினர், பண்ணையடிமைகளாக நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் கைமாறினர். 1819-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த வருவாய் வாரியம், இவ்வழக்கம் எங்கெங்கு எவ்வாறு உள்ளது எனத் தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களின் ஆட்சியாளரைக் கேட்டு எழுதியது. அறிந்துகொள்வதற்காகக் கேட்டதே அன்றி, ஒழிப்பதற்காகக் கேட்டதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி எந்த நாட்டையும் சும்மா விடவில்லை. ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு உடைமையாகலாமா? ஒரு நாட்டில் இவ்வினாவைக் குறித்த வழக்கு எழுபது ஆண்டுக்கு மேல் நீண்டு, இறுதியில் அந்நாட்டையே இரண்டாகப் பிளந்தது. அமெரிக்க ஐக்கிய நாடே அது. அங்கே மூண்ட போரின் அதிர்ச்சி ஏழு கடலுக்கு இப்பால் இருந்த தூத்துக்குடித் துறைமுகத்திலும், அதற்குப் பின்னால் விரிந்த கரிசல் காட்டிலும் உணரப்பட்டது. இரண்டையும் இணைத்த கயிறு பருத்தி நூலால் திரிக்கப்பட்டது.

அமெரிக்கர் ஆங்கிலேய அரசிடமிருந்து விடுதலை பெற்றபின், 1787-ஆம் ஆண்டில் தமக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்தனர். மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர் உலகறியச் சாற்றியவர்கள் அவர்கள். ஆயினும் அந்த அரசியலமைப்பை எழுத அமர்ந்தபோது, தென் மாநிலங்களின் தோட்டங்களில் இலட்சக்கணக்கான ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். தென்னாட்டாரை இழக்க விரும்பாத மற்றவர்கள் உடன்படிக்கைக்கு இசைந்தனர். மக்கள் தொகைக்கு ஏற்ப உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808-ஆம் ஆண்டு வரையில் தடை செய்யாதிருப்பது, தப்பியோடிய அடிமையை உடையவனிடம் மீளச் சேர்ப்பிப்பது என்பன அவ்வுடன்படிக்கையின் கூறுகள். இத்தனைக்கும் ‘அடிமை’ என்னும் சொல்லை அவர்கள் அந்த ஏட்டில் ஓரிடத்தும் எழுதவில்லை. எழுத நாணினர், விடவும் மனமில்லை.

அடிமை முறை தானே தேய்ந்து மறையும் என்று அவர்களுள் சிலர் நம்பினர். புகையிலைப் பயிரால் நிலம் சத்திழந்து, ஆதாயமும் குறைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஓர் எந்திரம். பருத்தியில் கொட்டையையும் பஞ்சையும் பிரிப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை நம் கரிசல் நாட்டு மக்கள் நன்கு அறிவர். அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் விளைந்த பருத்தியிலோ, பஞ்சு கொட்டையை விடாது பற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் பிரித்தாலும் சிறிதளவே தேறும். 1793-ஆம் ஆண்டில் எலி விட்னி என்பவர், பல் வைத்த உருளையால் பஞ்சை இழுத்தெடுக்கும் எந்திரத்தை அமைத்தார். பல பேர் செய்யும் வேலையை அது ஒன்றே செய்தது. உழைப்பைக் குறைக்க வந்த கருவி உழைப்பாளரின் விலங்கை இறுக்கிற்று. பிரிப்பது எளிதானதும் பயிரிடும் பரப்புப் பெருகியது; பயிர் பெருகியதும் விதைக்கவும் களையெடுக்கவும் பஞ்சு எடுக்கவும் கைகள் வேண்டியிருந்தன. 1790-இல் ஏறக்குறைய 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் 39 இலட்சத்தைத் தாண்டியது. பழைய மாநிலங்களிலிருந்து மேற்கேயும் தெற்கேயும் இருந்த புதிய பருத்திக் காடுகளுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பேர் விற்கப்பட்டும் நடத்திச் செல்லப்பட்டும் போயினர் என வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அவ்வழியில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் எண்ணிலடங்கார்.

வட மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் எல்லைக்குள் அடிமை முறையை விலக்கின. ஆனால் வடக்கே இருந்தவர்கள் அனைவரும் அறத்தின் பக்கம் நின்றனர் என்று எண்ணிவிட வேண்டா. நியூயார்க்கு வணிகர் பருத்தியை ஏற்றுமதி செய்து பொருள் ஈட்டினர். வட மாநில ஆலைகள் அப்பருத்தியை நூற்றன. அடிமை ஒழிப்பைப் பேசியவர்கள் அங்கும் கல்லடி பட்டனர். அமெரிக்காவின் மொத்த ஏற்றுமதியில் சரிபாதிக்கு மேல் பருத்தியாகவே இருந்த நாளில், அடிமைத் தளையை அறுப்பது எல்லாருடைய பணப்பையிலும் கைவைப்பதாக இருந்தது.

ஆகவே அந்நாட்டின் தலைவர்கள் வழக்கைத் தீர்க்கவில்லை, ஒத்திவைத்தனர். 1820-இல் மிசூரி மாநிலத்தைச் சேர்ப்பது பற்றி முதல் பூசல் எழுந்தது. நாட்டின் மேலவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள். அடிமை மாநிலங்களின் தொகையும் அடிமையற்ற மாநிலங்களின் தொகையும் சமமாக இருந்தால்தான் ஒரு சாரார் மற்றவரை அடக்க இயலாது. மிசூரியை அடிமை மாநிலமாகவும், மெயின் என்பதனை அடிமையற்ற மாநிலமாகவும் சேர்த்து, தராசுத் தட்டைச் சமன் செய்தனர். மேற்கே விரிந்துகிடந்த நிலத்தின் குறுக்கே ஒரு கோடும் வரைந்தனர். அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்பது ஏற்பாடு. முப்பது ஆண்டுகள் அக்கோடு நின்றது. மெக்சிகோவோடு போரிட்டு 1848-இல் புதிய நிலங்களைப் பெற்றதும் பூசல் மீண்டும் வெடித்தது. 1850-இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. கலிபோர்னியா அடிமையற்ற மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தென்னாட்டார் கேட்டுப் பெற்றது, தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் கடுமையான சட்டம்.

வடக்கு மக்களின் உள்ளத்தை உண்மையாகவே மாற்றியது இந்தச் சட்டமே எனலாம். அடிமை எனக் குற்றம் சாட்டப்பட்டவன் தன் பொருட்டுச் சான்று கூற இயலாது. அவனுக்குச் சான்றாயர் விசாரணையும் இல்லை. வழக்கைக் கேட்கும் அதிகாரி அவனைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர்! நீதியின் விலையை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த சட்டம் உலகில் அரிது. ஒளிந்தோடும் ஒருவனுக்கு ஒரு வேளை உணவளித்தவரும் குற்றவாளியானார். அதுவரை அடிமை முறை எங்கோ தொலைவில் நடப்பது என்றிருந்தவர்கள், தங்கள் தெருவிலேயே வேட்டை நடப்பதைக் கண்டனர்.

1854-ஆம் ஆண்டு பாசுடன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். வர்சீனியாவிலிருந்து தப்பிவந்து அந்நகரில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த அந்தோணி பர்ன்சு என்னும் இளைஞர் மே 24-ஆம் நாள் பிடிபட்டார். நீதிமன்றக் கதவை உடைத்து அவரை மீட்க முயன்ற கூட்டம் தோற்றது. சூன் 2-ஆம் நாள் அவரைக் கப்பலுக்கு அழைத்துச் செல்லும்போது, ஒரு தனி மனிதரைக் காவல் செய்யப் படைவீரர் அணிவகுப்பே வேண்டியிருந்தது. பல்லாயிரவர் தெருவின் இரு மருங்கும் நின்றனர். கடைகள் அடைக்கப்பட்டன, கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது, ‘விடுதலை’ என்று எழுதிய ஒரு சவப்பெட்டியையும் தெருவின்மேல் தொங்கவிட்டிருந்தனர். அன்று காலைவரை அமைதியான வணிகராக இருந்த பலர் மாலையில் அடிமை ஒழிப்பாளராயினர் என்று அக்காலத்தார் சொல்வர். பின்னர் அந்நகரத்தார் பணம் திரட்டிக் கொடுத்துப் பர்ன்சை மீட்டனர். அவரோ கல்வி கற்றுச் சமய குருவானார்.

அதே ஆண்டில்தான் பழைய கோட்டையும் அழித்துவிட்டனர். கான்சாசு, நெப்ராஸ்கா என்னும் பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்குக் குடியேறும் மக்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் செய்யப்பட்டது. கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் ஏற்பாடு. நடந்தது வேறு. இரு சாராரும் துப்பாக்கியோடு குடியேறினர், கள்ள வாக்கு இடப்பட்டது, ஊர்கள் எரிந்தன. ‘குருதி சிந்தும் கான்சாசு’ என்றே அந்நிலத்துக்குப் பெயராயிற்று. 1856-இல் அதனைக் கண்டித்து மேலவையில் பேசிய சார்லசு சம்னர் என்னும் உறுப்பினரைத் தென் கரோலினாவைச் சேர்ந்த பிரசுடன் புரூக்சு என்பவர் அவையினுள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். சம்னர் உடல் தேறி மீண்டும் தம் இருக்கையில் அமர மூன்று ஆண்டுகள் ஆயின. அடித்தவருக்குத் தென்னாட்டார் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினர். பேசித் தீர்க்கும் இடத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது.

நீதிமன்றம் தீர்த்துவைக்கும் என்று சிலர் எதிர்பார்த்தனர். 1857 மார்ச்சு 6-ஆம் நாள் டிரெட் இசுகாட்டு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமையற்ற மண்ணில் தம் உடையவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்ததனால் தாம் விடுதலை பெற்றவர் என்பது அவர் வாதம். கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களே ஆகார் என்றும், புதிய நிலங்களில் அடிமை முறையைத் தடுக்க நாட்டின் பேரவைக்கே உரிமை இல்லை என்றும் தலைமை நீதிபதி டானி உரைத்தார். இதனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த உடன்பாடுகள் அனைத்தும் செல்லாக் காசாயின. 1859 அக்டோபரில் சான் பிரவுன் என்னும் முதியவர் சிறு குழுவோடு ஆர்ப்பர்சு பெரி என்னும் ஊரில் இருந்த படைக்கலச் சாலையைக் கைப்பற்றி, அடிமைகளைக் கிளர்ந்தெழச் செய்ய முயன்றார். பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். வடக்கே அவருக்காகக் கோயில் மணிகள் ஒலித்தன. தெற்கே அச்சம் பரவியது.

மறு ஆண்டு ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென் மாநிலங்கள் பலவற்றில் வாக்குச் சீட்டில் அவர் பெயரே இல்லை. அவரும் அடிமை முறையை உடனே ஒழிக்கப்போவதாகச் சொல்லவில்லை. புதிய நிலங்களுக்கு அது பரவக் கூடாது என்றே சொன்னார். அதுவே போதுமானதாயிற்று. 1860 திசம்பர் 20-ஆம் நாள் தென் கரோலினா பிரிந்தது. அடுத்த சில வாரங்களில் ஆறு மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 1861 ஏப்ரல் 12-ஆம் நாள் சம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன.

மாநில உரிமைக்காகவே தென்னாட்டார் போரிட்டனர். அடிமை முறைக்காக அன்று என்று பிற்காலத்தில் சிலர் எழுதலாயினர். இக்கூற்று பொருந்தாது. தப்பியோடியவரைப் பிடிக்கும் சட்டத்தால் வட மாநிலங்களின் உரிமையை மிதித்து நடுவணரசின் கையை வலுப்படுத்தியவர் தென்னாட்டாரே அல்லரோ? மேலும், தாங்கள் பிரிவதற்கான காரணங்களை மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் எழுதி வெளியிட்டபோது, அடிமை முறையைக் காப்பதே தம் நோக்கம் என மறைக்காமல் கூறின. அவர்கள் சொன்னதை அவர்களுக்காக நாம் மறுக்க வேண்டுவதில்லை.

இத்துணைத் துணிவோடு அவர்கள் போரில் இறங்கியதற்கு ஒரு காரணம் பருத்தி. இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கு வரையில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பருத்தியே அரசன் என்று 1858-இல் தென் கரோலினாவின் ஆமண்டு என்பவர் மேலவையில் முழங்கினார். பஞ்சு நின்றால் ஆலைகள் நிற்கும். ஆலைகள் நின்றால் இங்கிலாந்து தங்கள் பக்கம் வந்தே தீரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. லிங்கனின் கப்பற்படை தென் துறைமுகங்களை முற்றுகையிட்டதும், அந்தக் கணக்குச் சரியா தவறா என்பது தெரியும் காலம் வந்தது. இங்கேதான் நம் கரிசல் காடு வரலாற்றில் நுழைகிறது.

அமெரிக்கப் பருத்தி ஒன்றையே நம்பியிருப்பது ஆபத்து என்பதை ஆங்கிலேயர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டம் நடத்திப் பழகிய பத்துப் பேரை இந்தியாவுக்கு வரவழைத்தது. அவர்களுள் சிலர் தமிழ்நாட்டுக்கும் வந்தனர். 1842 முதல் கோயம்புத்தூரில் இராபர்ட்டு வைட்டு என்னும் தாவர நூலறிஞர் அந்த ஆய்வுகளை மேற்பார்த்தார். பயன் பெரிதாக இல்லை. அங்கே அடிமைகளின் உழைப்பைக் கொண்டும், வேறு மண்ணையும் மழையையும் கொண்டும் விளைந்த பயிரை இங்கு அப்படியே பெயர்த்து நட இயலவில்லை. நம் உழவர் தமக்குத் தெரிந்த கருங்கண்ணியையும் உப்பம் பருத்தியையுமே விதைத்து வந்தனர். இவை கலந்து ஏற்றுமதியான பஞ்சுக்கு வெளிநாட்டுச் சந்தையில் ‘தின்னவெல்லி’ என்று, நம் திருநெல்வேலியின் பெயரே வழங்கியது.

போர் மூண்டதும் அதுவரை குட்டை இழை என்று ஒதுக்கப்பட்ட இந்தியப் பருத்திக்குத் திடீரென மதிப்பு உண்டாயிற்று. இலிவர்ப்பூல் சந்தையில் பருத்தியின் விலை நான்கு மடங்குக்கும் மேலாக ஏறியது. 1862-இல் இங்கிலாந்துக்குச் சென்ற பருத்தியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றதே ஆகும். அதில் பம்பாயின் பங்கே மிகப் பெரியது. தூத்துக்குடியின் பங்கு சிறிது. ஆனால் சிறிய துறைமுகத்துக்குச் சிறிய பங்கும் பெரிய செய்தியே. இருப்புப்பாதை தூத்துக்குடிக்கு வந்தது 1876-இல்தான். ஆகையால் போர்க்காலத்தில் சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துப் பஞ்சு முழுவதும் மாட்டு வண்டிகளிலேயே வரவேண்டியிருந்தது. கரையருகே ஆழம் இல்லாமையால் பெரிய கப்பல்கள் சில கல் தொலைவிலேயே நங்கூரமிடும். பொதிகளைத் தோணிகளில் ஏற்றிச் சென்று கப்பலில் சேர்ப்பர். அத்தோணியைச் செலுத்தியவர், தம் பொதி யாருடைய போரில் யாருக்கு உதவுகிறது என்று நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் சென்ற பஞ்சு, தென்னாட்டாரின் கணக்கைப் பொய்யாக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

மற்றொரு காரணம் இலங்காசயரின் நெசவுத் தொழிலாளர். ஆலைகள் மூடப்பட்டமையால் 1862-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அங்கே உதவிப் பணத்தை நம்பி உயிர் வாழ்ந்தனர். இந்தியப் பஞ்சு அடிக்கடி அறுந்துபோவதால் வேலை கிடைத்தவர்களும் அதனைச் சபித்தனர். முற்றுகையை உடைக்க இங்கிலாந்து கப்பற்படையை அனுப்பவேண்டும் என்று அவர்கள் கூக்குரலிட்டிருந்தால் வியப்பில்லை. சிலர் அவ்வாறு கேட்டதும் உண்டு. ஆனால் அவ்வாண்டின் கடைசி நாளில் மான்செஸ்டர் நகரில் கூடிய தொழிலாளர், அடிமை ஒழிப்பை வாழ்த்தி லிங்கனுக்கு மடல் விடுத்தனர். லிங்கன் 1863 சனவரியில் அவர்களுக்கு நன்றி கூறி விடை எழுதினார். அந்தச் சனவரி முதல் நாளில்தான், பிரிந்து போரிடும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் விடுதலை பெற்றனர் என்று அவர் ஆணை பிறப்பித்திருந்தார். விடுதலையை அவர்கள் கைகட்டி நின்று பெறவில்லை. தோட்டங்களை விட்டு ஓடிவந்து, ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் லிங்கனின் படையில் சேர்ந்து போரிட்டனர். 1865-இல் போர் ஓய்ந்தபோது மாண்டவர் 6 இலட்சத்துக்கும் மேல். அவ்வாண்டின் இறுதியில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. அடிமை என்னும் சொல் அந்த ஏட்டில் இடம்பெற்றது அப்போதுதான்.

அப்படியாயின் நம் நாட்டு அடிமைகள் என்ன ஆயினர்? 1833-இல் ஆங்கிலேயப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாடுகளையும் இலங்கையையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. நிலக்கிழாரின் வெறுப்பைத் தேடிக்கொண்டால் வரிப்பணம் குறையுமோ என்னும் அச்சம் கம்பெனிக்கு இருந்தது. இங்கும் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. சட்ட ஆணையம் ஆராய்ந்து 1841-இல் நீண்ட அறிக்கை தந்தது. இறுதியாக 1843 ஏப்ரல் 7-ஆம் நாள் அவ்வாண்டின் ஐந்தாம் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் மிகச் சிறியது. வரிக்கோ கடனுக்கோ ஒருவரை அடிமை என்று கூறி அரசு அலுவலர் விற்றல் கூடாது; அடிமை மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்றல் கூடாது; அடிமை ஈட்டிய பொருளை அவன் அடிமை என்பதனால் பறித்தல் கூடாது; பிறர்க்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான். நீங்கள் விடுதலை பெற்றீர்கள் என்று எந்த அடிமையையும் நோக்கி அது சொல்லவில்லை. உடையவனுக்கு ஈட்டுத் தொகை இல்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. சட்டம் தன் கையை மெல்ல விலக்கிக்கொண்டது. அடிமைக்கு அச்செய்தியை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நெல்லைக்கு மேற்கே, அந்நாளில் தனி அரசாக இருந்த திருவிதாங்கூரில் 1855 சூன் 24-ஆம் நாள் அடிமைகளை விடுவித்து மன்னர் அறிக்கை வெளியிட்டார். மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று கூறும் இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 சனவரியில், அதாவது அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நடைமுறைக்கு வந்தது.

ஆறு இலட்சம் உயிரைப் பலிகொடுத்து வந்த விடுதலையையும், அமைதியாக வந்த இந்த விடுதலையையும் ஒப்பிட்டு, நம் வழியே நல்வழி என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். உயிர்களை எண்ணினால் அது உண்மைதான். ஆனால் வயலில் நின்றவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு எளிதாக முடிவதில்லை. ஆள்விலை ஓலைக்குப் பதிலாகக் கடன் சீட்டு வந்தது. திருமணத்துக்கோ நோய்க்கோ வாங்கிய சில ரூபாய்க்காகத் தந்தை பண்ணையில் இருந்தார். தந்தை இறந்தபின் மகன் இருந்தான். வட்டி மட்டும் எவரோடும் இறக்கவில்லை. பண்ணையை விட்டு வெளியேறத் துணிந்தோர் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களை நாடிக் கடல் கடந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் தூத்துக்குடியிலேயே கப்பலேறினர். டச்சுக்காரரின் கப்பலில் ஏற்றப்பட்டவர்களைப் போல அவர்கள் விற்கப்பட்டவர் அல்லர். எனினும் கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடன் அவர்களுக்கு முன்னே சென்று தோட்டத்தில் காத்திருந்தது. அமெரிக்காவிலும் விடுதலை பெற்றவர்கள் அதே பருத்திக் காட்டில் வாரக் குத்தகைக்கு உழுது, கடையில் பற்று எழுதி, கடனில் சிக்கினர்.

கரிசல் காட்டு உழவரின் நற்காலமும் நீடிக்கவில்லை. 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் பெரும் வணிக நிலையங்கள் கவிழ்ந்தன. விலை ஏறியபோது கடன் வாங்கிப் பருத்தி விதைத்தவர், விலை இறங்கியபோதும் அதே கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவராயினர்.

கடனுக்காக மனிதரைப் பிணைத்துவைக்கும் முறையை ஒழிக்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை 1976-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றியது. அக்கடன்கள் அனைத்தும் அன்றோடு தீர்ந்தனவாகக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் கூறியது. விடுவிக்கப்பட்டவரைக் கண்டறிந்து வாழ்வளிக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் அது ஒப்படைத்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 133 ஆண்டுகள் கழிந்திருந்தன.